எல்லு அளவு

நாவலூர் அடுக்குமாடிக் குடியிருப்பில் சமையல் வேலைக்குச் சேர்ந்த ஐந்தாம் நாள்தான் எல்லம்மாளுக்கு உறைத்தது, இந்த வீட்டில் தனக்குத் தோள் வலிக்கவில்லை என்று.

நாலடி ஏழு அங்குல உயரமுள்ள ஒருத்தி, அடுத்தவர் வீட்டுச் சமையல் மேடையில் நின்று இருபது சப்பாத்தி தேய்த்துவிட்டு வலியில்லாமல் வீடு திரும்புவது லேசுப்பட்ட காரியமில்லை. ஊரில் இருக்கிற மேடையெல்லாம் அவளைவிட உயரமான யாருக்கோ கட்டியவை. இதற்கு முன் வேலை பார்த்த இரண்டு வீடுகளிலும் குதிகாலைத் தூக்கி எட்டிப் பார்த்துத்தான் தோசையைத் திருப்பினாள். இங்கே கையை மடக்கினால் முழங்கைக்குக் கீழே, எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருந்தது கருங்கல் மேடை. யார் செய்த புண்ணியமோ என்று நினைத்துக்கொண்டாள். அதற்குமேல் யோசிக்கவில்லை. ஊரப்பாக்கத்திலிருந்து வண்டலூர், அங்கிருந்து கேளம்பாக்கம், அப்புறம் ஷேர் ஆட்டோ என்று மூன்று வண்டி மாறி வருகிறவளுக்கு யோசனைக்கெல்லாம் ஏது பொழுது.

வீட்டுக்காரி சுஜாதாவுக்கோ அந்த மேடையைக் கண்டாலே ஆகாது. அவள் உயரம் ஐந்தடி ஏழு அங்குலம். முந்தின சொந்தக்காரரிடமிருந்து சமையலறையோடு சேர்த்து வாங்கிய வீடு அது. காலைச் சமையல் எல்லம்மாளுடையது. ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும் சுஜாதாவே செய்வாள். அரை மணி நேரம் குனிந்து நின்றால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சோபாவில் போய் விழ வேண்டியதுதான். மனசில் கெட்ட எண்ணம் இல்லாத பெண். எல்லம்மாளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் அந்த மேடையைப் பற்றிப் பேசும்போது மட்டும் வாயில் நல்ல வார்த்தை வராது.

இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, சமையலறையை மாற்றுவதற்கு ஒரு இன்டீரியர் கம்பெனிக்காரர் அளவெடுக்க வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் லேசர் கருவி. அதைச் சுவரில் காட்டி ஒரு முறை அமுக்கிவிட்டு, எண்ணைப் பார்த்துச் சிரித்தார். யாரோ அளவு தெரியாத ஆள் செய்திருக்கிறான் மேடம், சின்னப் பிள்ளைகள் சொப்பு வைத்து விளையாடுவதற்கு என்று நினைத்துவிட்டான் போல என்றார். சுஜாதா சிரித்தாள். எல்லோரும் சிரிக்கும்போது வேலைக்காரி மட்டும் உம்மென்று நின்றால் நன்றாக இருக்காதே என்று எல்லம்மாளும் சிரித்தாள்.

திங்கட்கிழமை ஆட்களை அழைத்து வந்து இடித்துவிடுவதாகச் சொல்லிவிட்டு அவர் போனார். கீழ் அலமாரிகளைக் காலி செய்து வைக்கும்படி சுஜாதா கேட்டுக்கொண்டு, ஆபீஸ் கூட்டம் என்று லேப்டாப்போடு அறைக்குள் போய்விட்டாள். எல்லம்மாள் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டே வந்து, கடைசியில் சிங்க்குக்குக் கீழே இருந்த அலமாரிக்குள் தலையை விட்டாள். சோப்புத் தூள், பழைய பிரஷ், காலி பாட்டில்கள். எல்லாவற்றையும் வெளியே எடுத்த பிறகு பக்கவாட்டுப் பலகையில் பென்சில் எழுத்து தெரிந்தது. தச்சு வேலை செய்பவர்கள் மறந்துவிடாமல் இருக்கப் பலகையிலேயே எழுதிக்கொள்வார்களே, அந்த மாதிரி.

"எல்லு அளவு – 30."

அவளை எல்லு என்று கூப்பிட்டவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவள் புருஷன் மோசஸ். பதினான்கு மாதத்துக்கு முன்னால், வேலை செய்துகொண்டிருந்த இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மோசஸோடு வேலை செய்த பிளம்பர் சின்னராசு சொல்லித்தான் அவளுக்கு இந்த வீட்டில் வேலை கிடைத்தது. இந்தக் குடியிருப்பில் மோசஸ் இருபது முப்பது வீட்டில் வேலை செய்திருக்கிறார் என்பது தெரியும். எந்த வீடு என்று அவளும் கேட்டதில்லை, சின்னராசுவுக்கும் நினைவில்லை.

எல்லம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். செத்துப்போனவருடைய கையெழுத்தைப் பார்த்ததுகூட அவளை அவ்வளவு ஆட்டவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அந்த ஆள் கேலி செய்தபோது தானும் சேர்ந்து சிரித்தோமே, அதுதான் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

மோசஸை அடக்கம் செய்த அன்று சபையில் அவருடைய வாழ்க்கைக் குறிப்பை வாசித்தார்கள். வேடந்தாங்கல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தார், இன்ன வருஷம் ஞானஸ்நானம் பெற்றார், தச்சுத் தொழில் செய்தார், மனைவியையும் ஒரு மகனையும் ஒரு மகளையும் விட்டுச் சென்றார். நாலே வரி. பொய் ஒன்றும் இல்லை. ஆனால் மோசஸும் அதில் இல்லை. அதைக் கேட்டுக்கொண்டு முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த எல்லம்மாளுக்கு, யாரோ பக்கத்துத் தெருக்காரரைப் பற்றிப் படிக்கிறார்கள் என்றுதான் தோன்றியது.

அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுக் கதிர் அறுத்த பெற்றோருக்குப் பிறந்து, செங்கல்பட்டு ஐடிஐயில் மரவேலை படித்தவர் அவர். ஆரம்பத்தில் வேலைக்குப் போன இடத்திலெல்லாம், நீ ஆசாரியா என்று கேட்பார்கள். இல்லை, ஐடிஐ என்பார். கேட்டவர்களுக்கு அதற்குமேல் என்ன கேட்பது என்று தெரியாது. ஓஎம்ஆர் ரோட்டில் கட்டடங்கள் முளைக்கத் தொடங்கிய காலத்தில் கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கப் போய், பிறகு கதவு, ஜன்னல், அப்புறம் அலமாரி, மாடுலர் கிச்சன் என்று வளர்ந்தார். கல்யாணத்தின்போது போதகர் எல்லம்மாளுக்கு எலிசபெத் என்று பேர் வைக்கலாம் என்றார். மோசஸ் தலையைச் சொறிந்துகொண்டு, "இருக்கற பேரே அவளுக்குக் கரெக்டா கீதுங்க ஐயா" என்று சொல்லிவிட்டார். மருமகள் பேர் விஷயத்தில் அவருடைய அம்மா ஆறு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அவர் அசையவில்லை.

வீட்டின் மேல் அவருக்கு அப்படி ஒரு பிடிப்பு. எந்த வேலையில் இருந்தாலும் மத்தியானம் ஒரு மணிக்கு போன் வரும். சாப்பிட்டாயா என்பார், வைத்துவிடுவார். ஒரு தடவை எல்லம்மாள் டைபாய்டில் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அப்போது மகள் ஜாய்ஸ் ஆறாம் வகுப்பு. தலை பின்னிவிட ஆள் இல்லை. மோசஸ் உட்கார்ந்து பின்னக் கற்றுக்கொண்டார். சும்மா பின்னவில்லை, இரண்டு சடையும் ஒரே நீளம்தானா என்று இஞ்சு டேப் வைத்து அளந்து பார்த்தார். மூன்றாம் நாள் ஜாய்ஸ் அழுதுகொண்டே சித்தி வீட்டுக்குப் போய், அப்பாவிடமிருந்து காப்பாற்றச் சொன்னாள். இன்றைக்கு அவள் நர்ஸ். அந்தக் கதையைச் சொல்லித்தான் ஊசிக்குப் பயப்படும் பிள்ளைகளைச் சிரிக்க வைக்கிறாளாம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தால் நாலு பேரும் ஒரே வண்டியில் மாமல்லபுரம். ஊரெல்லாம் சிற்பத்தைப் பார்க்கும். மோசஸ் கடைகளின் மரக்கதவில் கீலைப் பார்ப்பார். கல்லில் ஒரு இடத்தில் தப்பாகத் தட்டினால் போச்சு, மரத்தில் தப்புப் பண்ணினால் துண்டு வைத்து ஒட்டிக்கொள்ளலாம், அதனால்தான் நான் பிழைத்தேன் என்பார். உண்மையில் அவர் தப்புப் பண்ணுகிற ஆள் இல்லை. ஒரு இஞ்சில் எட்டில் ஒரு பங்கை நூல் என்பார்கள் தச்சர்கள். அந்த ஒரு நூல் பிசகினாலும் பலகையை மறுபடி அறுப்பார்.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு தப்புப் பண்ணினார். அதுவும் சொந்த வீட்டில்.

ஊரப்பாக்கத்தில் வீடு கட்டியபோது சமையலறையைத் தானே செய்தார். தொழிலில் எல்லோரும் வைக்கிற முப்பத்து நாலு இஞ்சு உயரம். தேக்குக் கைப்பிடி, சத்தமில்லாமல் மூடும் இழுப்பறை. வருகிறவர்கள் போகிறவர்களுக்கெல்லாம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அவ்வளவு சந்தோஷமாக இருக்கிற மனுஷனிடம், இது எனக்கு எட்டவில்லை என்று எப்படிச் சொல்வது? எல்லம்மாள் சொல்லவில்லை. அவருடைய மிச்சப் பலகையிலேயே ஒன்றை எடுத்து, அடியில் இரண்டு கட்டை வைத்து ஆணி அடித்து, அதன் மேல் ஏறி நின்று சமைத்தாள். அவர் வரும் நேரத்துக்கு அது கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் போய்விடும். ஒரு நாள் மத்தியானம் வேலை நடக்கவில்லை என்று மோசஸ் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். அவள் பலகைமேல் நின்று குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

எத்தனை வருஷமாக என்று கேட்டார். ஒன்பது என்றாள்.

வாசல்படியில் போய் உட்கார்ந்து மோசஸ் அழுதார். முழு ஆம்பளை, பட்டப்பகலில், தெருவில் போகிறவர்கள் பார்க்க. "ஊருக்கெல்லாம் அளவு எடுக்கறேன். உன்ன ஒரு நாளு நிக்க வச்சுப் பாக்கலயே எல்லு" என்றார். அந்த வாரமே மேடையைக் கழற்றி இறக்கினார். அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும், சமைக்கிறவர் வந்து நிற்காமல் அவர் டேப்பை எடுக்க மாட்டார். கையை மடக்கி நிற்க வைத்து, முழங்கையிலிருந்து ஐந்து இஞ்சு கீழே கோடு போடுவார். வீட்டுக்காரர் மட்டும் வந்து நின்று அவசரப்படுத்தினால், நீங்களா சமைப்பீங்க என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வார். இதனாலேயே இரண்டு மூன்று கான்ட்ராக்டர்கள் அவரைக் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். போனால் போகிறது என்று இருந்துவிட்டார்.

இப்போது அந்த அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த எல்லம்மாளுக்கு, ஆறு வருஷத்துக்கு முந்தின ஒரு சாயங்காலம் பளிச்சென்று நினைவுக்கு வந்தது. மீன் ஆய்ந்துகொண்டிருந்தவளைக் கையைக் கழுவிக்கொண்டு வரச் சொல்லி, சுவரோரம் நிற்க வைத்து, முழங்கையை அளந்தார் மோசஸ். நம் வீட்டு மேடைதான் சரியாக இருக்கிறதே, எதற்கு என்றாள். நாவலூரில் ஒரு வேலை. வீட்டுக்காரர் லட்சுமணன் என்று ஒருத்தர், துபாயில் இருக்கிறார், கல்யாணம் ஆகாதவர், தனக்குச் சமைக்கவே தெரியாது, அளவை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று போனில் சொல்லிவிட்டார், நிற்க வைக்க ஆள் இல்லை என்றார் மோசஸ்.

அதற்கு என்னை எதற்கு அளக்க வேண்டும் என்று எல்லம்மாள் கேட்டாள்.

"அந்த ஆளு சமைக்க மாட்டாருன்னா அப்புறம் யாரு சமைப்பா? நம்மள மாரி ஒரு பொம்பள மூணு வண்டி மாறி வந்து சமைக்கும். அதுக்குத் தோளு வலிக்கக் கூடாது இல்ல" என்றார்.

சரி சரி என்று சொல்லிவிட்டு அவள் மீனுக்குத் திரும்பிப் போனாள். மறந்தும் போனாள். மூன்று வண்டி மாறி வரப்போகிற பொம்பளை தான்தான் என்பது அன்றைக்கு அவளுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்து மகன் ஜெபசிங்கிடம் சொன்னாள். அப்பாவின் தொழிலைத்தான் அவனும் செய்கிறான். இப்போது அவனிடம் நாலு பேர் வேலை பார்க்கிறார்கள். அவன் முழுதும் கேட்டுக்கொண்டான். பிறகு, "வுடும்மா. அப்பா செஞ்ச கிச்சன் ஊருல நூறு கீது. ஒண்ணு போனா இன்னா? நீ போய் எதுனா சொல்லி வச்சு, வேலை பூடப் போவுது" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. வேலை போனால் இன்னொரு வீடு தேட வேண்டும். மறுபடி குதிகாலைத் தூக்கி நிற்க வேண்டும்.

மேடை போவது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. மரம், கல், போனால் போகட்டும். அளவு தெரியாத ஆள் என்ற பேரோடு அது குப்பைக்குப் போகிறதே, அதைத்தான் தாங்க முடியவில்லை. ஒரு நூல் பிசகாத மனுஷன். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் முழங்கையைப் பார்த்துப் பார்த்து வேலை செய்த மனுஷன். அவர் இல்லாத இடத்தில் அவருக்காகப் பேச வேண்டியவள் ஈயென்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள். சனிக்கிழமை முழுதும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிறு சபையில் பாட்டுப் பாடும்போது வாய் அசைந்ததே தவிரக் குரல் வரவில்லை.

திங்கட்கிழமை காலை அவள் போய்ச் சேர்வதற்குள் இன்டீரியர் கம்பெனிக்காரர் இரண்டு ஆட்களோடு வந்துவிட்டிருந்தார். சுத்தியலும் கடப்பாரையும் மேடைமேல் கிடந்தன. எல்லம்மாள் பையைக்கூடக் கீழே வைக்காமல் நேரே சுஜாதாவிடம் போனாள்.

"மேடம், இது அளவு தெரியாத ஆளு செஞ்சது இல்ல. எங்க வூட்டுக்காரரு செஞ்சது. இது தப்பு அளவு இல்ல மேடம். என் அளவு."

சுஜாதாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லம்மாள் அவளைக் கூட்டிக்கொண்டு போய் அலமாரிக் கதவைத் திறந்து காட்டினாள். சுஜாதா குனிந்து, போன் வெளிச்சத்தில் அந்த எழுத்தைப் படித்தாள். எல்லு யார் என்று கேட்டாள். நான்தான் என்றாள் எல்லம்மாள். பிறகு துபாய்க்காரர் கதையையும், அந்தச் சாயங்காலம் மோசஸ் சொன்னதையும், சொந்த வீட்டில் பலகைமேல் நின்ற ஒன்பது வருஷத்தையும் நின்ற இடத்திலேயே சொன்னாள். கோர்வையாகச் சொல்ல வரவில்லை. முன்னதைப் பின்னதாகவும் பின்னதை முன்னதாகவும் சொன்னாள். கடப்பாரை ஆட்கள் இரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று சுஜாதா கேட்டாள்.

"அப்பத் தெரியாது மேடம். நீங்க சிரிச்சப்ப நானும் சிரிச்சேன். அதான் மனசு கேக்கல."

சுஜாதாவின் முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் அவள் நடைமுறை தெரிந்தவள். என் இடுப்பு வலியும் நிஜம்தானே அக்கா, அதற்கு என்ன செய்வது என்றாள். வெடுக்கென்று கேட்கவில்லை. வழி தெரியாமல்தான் கேட்டாள்.

எல்லம்மாள் இதற்கு யோசிக்கவே இல்லை. மோசஸ் இருந்திருந்தால் முதல் ஆளாக வந்து கழற்றுவார் என்றாள். நிற்கிற ஆள் மாறிவிட்டால் அளவும் மாறத்தானே வேண்டும். நீங்கள் மாற்றிக்கொள்ளுங்கள், அவருக்கு அளவு தெரியாது என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம், எனக்கு அது போதும் என்றாள். சொல்லும்போதே அவளுக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. வந்த காரியம் முடிந்தது, இனி இடிக்கட்டும் என்று தோளில் இருந்த பையை இறக்கி ஆணியில் மாட்டப் போனாள்.

சுஜாதா மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆங்கில எல் எழுத்துப் போல இரண்டு சுவரை ஒட்டி ஓடுகிற மேடை. ஒரு கையை நீட்டி அதைத் தடவினாள்.

"நிக்கிற ஆள் எங்க அக்கா மாறினாங்க? கூட ஒரு ஆள் சேர்ந்திருக்கேன், அவ்வளவுதான். தினமும் ரெண்டு பேரும்தானே இங்க நிக்கிறோம்" என்றாள்.

இரண்டு உயரத்தில் மேடை வைத்தால் பார்வைக்கு நன்றாக இருக்காது என்று கம்பெனிக்காரர் எடுத்துச் சொன்னார். பார்க்க யாரும் வரப்போவதில்லை, சமைக்கத்தான் வருகிறோம் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டாள் சுஜாதா.

வேலையைச் சுஜாதா ஜெபசிங்கிடமே கொடுத்துவிட, சனிக்கிழமை அவன் தன் ஆட்களோடு வந்தான். ஜன்னல் பக்கத்து மேடையை மட்டும் கல்லை எடுத்துவிட்டு உயர்த்துவது, வீட்டில் சும்மா கிடக்கிற இண்டக்ஷன் அடுப்பை அங்கே வைப்பது, கேஸ் அடுப்பு இருக்கிற பக்கத்தை அப்படியே விடுவது என்று முடிவாயிற்று. சுஜாதாவை நிற்கச் சொன்னான். வீட்டுக்குள் செருப்புப் போட்டுக்கொண்டுதான் சமைப்பீர்களா என்று கேட்டு, போட்டுவரச் சொல்லி, முழங்கையை அளந்து, ஐந்து இஞ்சு கழித்துக் கோடு போட்டான். முப்பத்தேழு. அந்த உயரத்துக்கு ஒரு பலகையை வைத்துக் காட்டியபோது, சுஜாதா நேராக நின்று காற்றில் வெங்காயம் நறுக்கிப் பார்த்துச் சிரித்தாள்.

வந்ததுதான் வந்தோம் என்று அம்மாவையும் நிற்கச் சொன்னான். எல்லம்மாள் மாவுக் கையோடு சுவரோரம் போய் நின்றாள். ஜெபசிங் ஒரு தடவை அளந்தான், நம்பாமல் இன்னொரு தடவை அளந்தான்.

"இருபத்தொம்போதரைதாம்மா வருது. அரை இஞ்சு குறஞ்சு பூட்ட" என்றான். இந்தப் பக்கத்தையும் அரை இஞ்சு இறக்கிவிடட்டுமா, பெரிய வேலை இல்லை என்றான்.

எல்லம்மாள் மேடைமேல் இரண்டு கையையும் வைத்துப் பார்த்தாள். அரை இஞ்சு. அதில் பாதி வயசு, பாதி இந்தப் பதினான்கு மாதம்.

"வேணாம் நைனா. அவரு போட்டது அப்டியே இருக்கட்டும். நான் கொஞ்சம் நிமிந்து நின்னுக்கறேன்" என்றாள்.

நிமிர்ந்து நின்றாள். சரியாக இருந்தது.